சக்கரம் கட்டிய அடுப்படி

'விடு' என்னும் வினை முதல் நீண்டு 'வீடு' ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு, கேடு, சுடு, சூடு, விடு, வீடு. பதினெட்டு ஆண்டுகளாக இதைக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். மாணவிகள் தேர்வில் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள் நான்கைச் சொல்லும்போது கடைசியாக வரும் வீடு, விடுதலை. அதே சொல் சமையலறையும் துணி காயப்போடும் கொடியும் உள்ள இடத்துக்கும் எப்படிப் பொருந்தியது என்று யாரும் கேட்பதில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து சேரும் இடம், அதனால் வீடு என்று விளக்கம் சொல்வார்கள். வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் திரும்புகிறவருக்கு இது சரி. வேலையே அங்கேதான் என்றிருப்பவர் எதை விட்டு எங்கே வந்து சேர்கிறார்?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு பழைய ராணுவ லாரி.

என் கணவரின் தம்பி முடிச்சூரில் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு வண்டி வாங்கினார். ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் நிசான் உரிமத்தில் செய்த ஒரு டன் வண்டி. ராணுவம் கழித்துவிட்டு, ஏலத்தில் போய், மலைத்தோட்டம் ஒன்றில் விறகு சுமந்து, இடையில் யாரோ டீசல் எஞ்சின் மாற்றி அதை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றி, கடைசியில் தாம்பரம் வந்து சேர்ந்தது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். சேறு, மணல், ஆற்றுப்படுகை எதற்கும் அஞ்சாத வகை. இதை வீடாக மாற்றி, மனைவி மக்களோடு லடாக் வரை போய்வருவது அவர் திட்டம். வண்டியை முடிச்சூர் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் விட்டிருக்கிறார். வண்டி செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் பிறந்தது பக்கத்துப் பெருங்களத்தூரில்தான்.

பின்னால் இருந்த தகரத் தொட்டியைக் கழற்றிவிட்டு, வெறும் சேஸ் மேல் ஒரு பெட்டி கட்டுகிறார்கள். பெட்டி என்று லேசாகச் சொல்லிவிட்டேன். இந்த வண்டிகளின் சேஸ் முறுக்கிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்மூலைச் சக்கரம் மேட்டிலும் இருந்தால், சட்டம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் சற்றே திருகும். திருகினால்தான் நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்கும். அதன் மேல் வீட்டைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் முதல் மலைப்பாதையிலேயே மூலைகள் விரிந்து கதவு மூடாமல் போய்விடும். அதனால் பெட்டிக்குத் தனியாக ஒரு சட்டம் செய்து, ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் ஸ்பிரிங் வைத்துத் தளர்வாகவும் உட்காரவைக்கிறார்கள். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே தெர்மாகோல். இல்லையென்றால் மே மாதம் அதற்குள் அப்பளம் காயும். தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர், அதாவது 200 கிலோ. அது இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் நிற்கும் அறைக்கு அடியில் ஓட்டை.

இத்தனையும் அவர் யோசித்திருந்தார். கட்டம்போட்ட நோட்டில் மில்லிமீட்டர் கணக்காக வரைந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண் வீட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்து நான் பார்த்ததில்லை. சக்கரம் இருந்ததால்தான் யோசித்தார் என்பது என் சந்தேகம்.

"அண்ணி, இந்தப் பக்கத் தகடைத் தூக்கிவிட்டா ஃபுல்லா ஓப்பன். அவ சமைச்சுக்கிட்டே மலையப் பாக்கலாம்" என்றார்.

என் ஓரகத்தி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தபிறகு கேட்டாள்: "லீவுன்னா என்னக்கா?"

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் இது தத்துவக் கேள்வி. ஒருவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்று எப்போது சொல்லலாம்? சுவரைத் தாண்டினாலா? வீடு என்பது சுவரால் ஆனது என்றால் தாண்டினால் போதும். வீடு என்பது ஒரு கூட்டம் எதிர்பார்ப்புகளால் ஆனது என்றால்? ஏழரை மணிக்கு யாருக்குப் பசிக்கும், யாருக்கு எந்தத் துண்டு, பாலில் ஆடை இருந்தால் எந்தப் பிள்ளை குடிக்காது என்கிற நினைவுகளால் ஆனது என்றால், அந்த வீடு அவள் தலைக்குள் இருக்கிறது. அதைக் கழற்றி வைக்காமல் லடாக் போனாலும் அவள் முடிச்சூரில்தான் இருப்பாள். அங்கே தண்ணீர் 200 லிட்டர்தான், அடுப்பு இரண்டுதான், பாத்திரம் தேய்க்க இடம் இல்லை என்பது மட்டும் வித்தியாசம். அவருக்கு அந்த வண்டி ஊரை விட்டுப் போகும் வழி. அவளுக்கு வசதி குறைந்த ஒரு சமையலறை, நல்ல காட்சியோடு.

கொழுந்தனாரைக் குற்றம் சொல்வது எளிது. அதில் எனக்கு ஆர்வமில்லை. அன்பாகத்தான் அந்தச் சன்னலை வரைந்தார். அந்த அன்புக்குள் எந்தக் கணக்கு எழுதப்படாமல் கிடக்கிறது என்பதே விஷயம்.

குடும்பத்தோடு வண்டியில் வாழ்ந்துகொண்டே போவது வெள்ளைக்காரரிடமிருந்து வந்த வழக்கம் என்று நினைக்கிறோம். பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிகாட்டி அனுப்பும் பாட்டு அது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிச் செல்லும் உமணரின் வண்டி அதில் வருகிறது. கோவளம், கேளம்பாக்கம் பக்கம் இன்றும் உப்பளங்களைப் பார்க்கிற நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. அந்த வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சின்ன உரல் ஒன்று ஆடிக்கொண்டு தொங்குகிறது. முன்பக்கம் காடிப் பானை கட்டியிருக்கிறது. உருப்படியான ஒரு கேம்பர் வண்டிக்கு வேண்டிய எல்லாமே. அந்த வண்டியை ஓட்டுவது யார்? கைக்குழந்தைக்காரி ஒருத்தி. எருதுகளைப் பின்னாலிருந்து அவள்தான் முடுக்குகிறாள். ஆண்கள் வேப்பந்தழை மாலை போட்டுக்கொண்டு வண்டி வரிசையின் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள்.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது உரலுக்கும் பெண்யானையின் முழந்தாளுக்கும் உள்ள உவமையில் நின்றுவிடுவது வழக்கம். தேர்வில் கேட்பார்கள். ஓட்டுபவள் யார் என்பது ஒரு மதிப்பெண் கேள்வியாகக்கூட வந்ததில்லை.

அவளைப் பொற்காலத்து நாயகி ஆக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. உரலும் பானையும் வண்டியில் தொங்குகின்றன. இறங்கிய இடத்தில் நெல் குற்றியதும் அவளாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பயணம் யாருடைய விடுமுறையும் அல்ல. அது தொழில். அதில் அவளுக்கு ஒரு பங்கும், கையில் ஒரு கோலும் இருந்தன. எங்கே நிறுத்துவது, எப்போது மாட்டை அவிழ்ப்பது என்பதில் அவள் சொல் செல்லுபடியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஓட்டுகிறவளிடம் கேட்காமல் வண்டியை நிறுத்த முடியாதே.

இன்னொரு பாட்டு புறநானூற்றில், 102ஆவது. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. காளைகள் இளசு, பாரம் அதிகம், வழியில் மேடு எது பள்ளம் எது என்று யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொள்வார்கள். அரசன் மகன் அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார். ஓர் இளவரசனைப் புகழ ஸ்டெப்னியை உவமையாகத் தேர்ந்தெடுத்தவர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பெண்களுக்கு எந்திரம் புரியாது என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பாட்டை நீட்டுவேன்.

பழைய வண்டியை வீடாக்கிய கதைகளில் தென்னாட்டில் புகழ்பெற்றது என்.டி.ராமாராவுடையது. 1982 மார்ச்சில் கட்சி தொடங்கியவர், ஒரு பழைய ஷெவர்லே வேனை மாற்றிக் கட்டி 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரம் முழுவதும் சுற்றினார். வண்டியிலேயே உறங்கி, சாலையோரம் குளித்து, சாலையோரம் சாப்பிட்டார். 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். சாலையோரம் குளிக்கும் மனிதர் மக்களுக்கு எளிமையின் உருவமாகத் தெரிந்தார். அதே 1982இல் ஒரு பெண் தலைவர் சாலையோரம் குழாயடியில் குளித்திருந்தால் அந்தப் படத்தின் கீழ் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஊகிப்பதில் சிரமமில்லை. ஆணின் உடம்பு தெருவில் நிற்கும்போது அது செய்தி சொல்கிறது. பெண்ணின் உடம்பு தெருவில் நின்றால் அதுவே செய்தி.

ஆகவே வண்டியில் என்ன வேண்டும் என்று கேட்டபோது என் ஓரகத்தி சன்னல் கேட்கவில்லை, திரை கேட்கவில்லை. கக்கூஸ் கேட்டாள். கொழுந்தனார் வரைபடத்தில் அது இல்லை. "வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கு" என்றார். பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் நகராத பேருந்துக்குள் உட்கார்ந்திருந்த எந்தப் பெண்ணும் இந்தப் பதிலை ஏற்க மாட்டாள். புறப்படுவதற்கு முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று ஒரு கலை நம்மிடம் உண்டு. அம்மா சொல்லித்தருவதில்லை, பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையிலும் இதைத்தான் படித்தோம். மலையாளப் படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். கேரவன் நின்றாலும் அது துணை நடிகைகளுக்கு இல்லை. கேரவன் என்ற சொல்லே நமக்குச் சினிமாவிலிருந்து வந்தது. நட்சத்திரத்தின் அந்தஸ்து என்று அதைப் படித்துவிட்டோம். அதன் நடுவில் இருப்பது பூட்ட முடிகிற ஒரு கதவும் ஒரு கழிவறையும். அந்த அறிக்கை வந்த நாட்களிலேயே கேரவனுக்குள் ஒளிக்கேமரா வைத்திருந்ததைப் பற்றி நடிகை ராதிகா பேசினார். பூட்டு இருந்தும் போதவில்லை.

சரி, கக்கூஸ் வைத்தாகிவிட்டது என்று கொள்வோம். வாளி அளவுப் பெட்டி ஒன்று. தென்னை நார்க்கழிவைத் தூவிக்கொண்டே வந்தால் நாற்றம் இருக்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அதை யார் எடுத்துக் கொட்டுவது? இங்கே பேச்சு நின்றது. கொழுந்தனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நம் வீடுகளில் கழிவறையைக் கழுவுவது யார் என்ற கேள்விக்குப் பெண் என்று ஒரு விடை. ஊரில் கழுவுவது யார் என்ற கேள்விக்குச் சாதி என்று ஒரு விடை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. அதற்குப் பிறகும் சாக்கடைக்குள் ஆள் இறங்கிச் சாகிறார். தன் குடும்பத்தின் மலத்தைத் தன் கையால் எடுத்துக் குழிவெட்டிப் புதைக்க நேரும் ஒரு பொறியாளர், வண்டி செய்யும் வேலையில் மீதி எதிலும் கற்றுக்கொள்ளாத ஒன்றை அதில் கற்றுக்கொள்ளக்கூடும்.

என் ஓரகத்தி விவாதத்தை நீட்டவில்லை. "நீங்க கொட்டறதா இருந்தா வைங்க. இல்லாட்டி நாங்க வரல, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். வைப்பதாக முடிவாயிற்று.

வீட்டைச் சுமந்துகொண்டு போகாமல், விட்டுவிட்டே போன பெண்கள் உண்டு. 1939இல் எல்லா மையார் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர், தோழி ஆன்னமாரி ஷ்வார்சன்பாக்கோடு ஃபோர்டு காரில் ஜெனீவாவிலிருந்து புறப்பட்டுக் காபூல் சேர்ந்தார். பின் தனியாக இந்தியா வந்து, போர் நடந்த ஆண்டுகளைத் திருவண்ணாமலையில் ரமணருக்கு அருகில் கழித்தார். தாம்பரத்திலிருந்து மூன்றரை மணி நேரத் தொலைவில் இப்படி ஒருத்தி இருந்தாள் என்பது கல்லூரிக் காலத்தில் எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பயணத்தைப் பற்றி 1947இல் அவர் எழுதிய புத்தகத்தில் என்னை நிறுத்தியது வேறொன்று. தோழி போதை மருந்துக்கு அடிமை. அவளை மீட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் இவர் படுகிற பாடு. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, சமையலறை இல்லை. அப்படியும் பார்த்துக்கொள்கிற வேலை காரில் ஏறிக்கொண்டது. அதை அவர் விரும்பி ஏற்றார், தோற்றபோது விட்டுவிட்டுத் தன் வழியே போகவும் முடிந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாவது பாதி கிடைப்பதில்லை.

நாடோடி வாழ்க்கை என்று வண்டியின் பின்னால் எழுதிக்கொள்வது இப்போது ஒரு மோஸ்தர். கொழுந்தனாரும் ஸ்டிக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள நமக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. வீடில்லாமல் அலைந்த சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று 1871இல் வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டது. ஊர் ஊராகப் போய் ஊசி மணி பாசி விற்கும் நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மணி கோக்கிற பெண்ணிடம், வீட்டோடு ஊர் சுற்றுவது எவ்வளவு சுதந்திரம் என்று யார் போய்ச் சொல்வது? சக்கரமே இல்லாமல் நகர்த்தப்பட்ட வீடுகளும் நம் பக்கம்தான் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அடுக்கி வைத்தார்கள். பழைய இடத்தில் நடந்து போய் நாலு வீட்டில் வேலை செய்த பெண்கள், இரண்டு பேருந்து மாறி அதே வீடுகளுக்குப் போனார்கள். முடியாதவர்கள் வேலையை இழந்தார்கள். யார் விரும்பிப் புறப்படுகிறார், யாரைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பயணத்தைப் பற்றி என்ன எழுதினாலும் அது பாதிப் பொய்யாகத்தான் இருக்கும்.

இப்படியெல்லாம் நான் பேசியதில் ஓரகத்திக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை என்று தோன்றியிருக்கலாம். அவளுக்குப் பிடிக்கும். காரணம்தான் வேறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, கைக்குழந்தையோடு மாடியில் ஒரு முழு நாள் நின்று, பிறகு படகில் ஏறியவள். கணவர் அன்று வெளியூரில். அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்ப்பது அவள் வழக்கம். உயரமான சேஸ், நான்கு சக்கர விசை, உள்ளே படுக்கை, தண்ணீர், அடுப்பு. கணவர் கண்ணில் அது லடாக். இவள் கண்ணில், மழை வலுக்கும்போதே பிள்ளைகளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வண்டலூர் மேட்டுக்குப் போய்விடும் வழி. "தண்ணி எவ்ளோ ஒசரம் வரைக்கும் போவும்ணே?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டது அவள்தான். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே வரைக்கும்தான் என்றார் அவர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு மிடறு உள்ளே போனால் எஞ்சினின் கம்பி வளைந்துவிடும். காற்றுக்குழாயைக் கூரைவரை உயர்த்தச் சொல்லிவிட்டு வந்தாள். ஓடுகிற வெள்ளத்தில் எந்த வண்டியும் மிதந்துவிடும் என்பதால், வெள்ளம் வருமுன் புறப்படுவதுதான் கணக்கு என்பதையும் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளம் வரும் நாளில் கணவர் ஊரில் இருப்பார் என்று என்ன நிச்சயம்? எனவே அவள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் இங்கேதான் திரும்பியது. மொத்த எடை 7500 கிலோவுக்குள் என்றால் கார் ஓட்டும் அதே உரிமம் போதும். அது அவளிடம் இருக்கிறது. 1993இலேயே வசந்தகுமாரி நாகர்கோவில் பக்கம் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். ஆனாலும் பட்டறையில் ஆரம்பத்தில் சிரித்தார்கள்.

சட்டச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெயின்ட் மாற்றலாம், சில்லறைப் பொருத்தங்கள் சேர்க்கலாம். உடம்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். எல்லாவற்றையும் வரைந்து, எடைபோட்டு, விண்ணப்பித்திருக்கிறார்கள். முதலில் செய்தவர் எழுதிவைத்த குறிப்புக்கு மாறக் கூடாது என்ற சட்டத்தை நான் படித்தபோது, இதைப் பல காலமாக வேறு ஒரு பிரிவில் கேட்டுவருகிறோமே என்று தோன்றியது. விண்ணப்பத்தோடு இன்னொரு காகிதமும் போயிருக்கிறது: உரிமையாளர் பெயர் மாற்றம். வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி அவள் வளையல்கள்.

அடுப்பு மேடை இன்னும் கட்டவில்லை. பட்டறைக்காரர் உயரம் கேட்டபோது, "இவரு இடுப்பளவுக்கு வைங்கண்ணே, குனிஞ்சு சமைச்சா முதுகு வலிக்கும்" என்றாள். கொழுந்தனார் ஐந்தடி பதினொரு அங்குலம், அவள் ஐந்தடி. அவர் சிரித்துக்கொண்டே டேப்பை நீட்டி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் பின்னால் உள்ள திடலில் வண்டியைப் பழகுகிறாள். பழைய கியர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். கால் எட்டவில்லை. சீட்டுத் தண்டவாளத்தில் புதிதாகத் துளை போட்டு நான்கு அங்குலம் முன்னால் நகர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். பழைய துளைகள் ஒரு சிப்பாயின் காலுக்கு அளந்து போட்டவை.